உளுந்தங்களியும் நீர்க்கட்டியும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஸ்கேன் மையங்களிலும் மகளிர் மருத்துவர்களின் அறைகளிலும் இன்று அடிக்கடி ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'நீர்க்கட்டி'. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப்போகும் பெண்ணுக்கும், மணமாகி ஓராண்டு கடந்தும் கருத்தரிக்காத பெண்ணுக்கும், தாடையில் முடி வளரத் தொடங்கிய கல்லூரி மாணவிக்கும் சொல்லப்படும் இச்சொல், மருத்துவ ஏடுகளில் 'பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்' என்றும் பேச்சில் 'பிசிஓடி' என்றும் வழங்கும் கோளாறுக்குத் தமிழ் அளித்துள்ள பெயராகும். இதைக் கேட்கும் குடும்பத்தார் பெண்ணின் கருப்பையில் கட்டி வளர்ந்துவிட்டதாக அஞ்சுகின்றனர். ஆனால் இக்கோளாறு கருப்பையைச் சார்ந்ததும் அன்று, இதில் காணப்படுவது கட்டியும் அன்று. கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளில், கருமுட்டையைத் தாங்கி மாதந்தோறும் முதிர வேண்டிய நுண்ணறைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோய்ச் சிறுசிறு நீர்க்குமிழ்களாகத் தங்கிவிடும் தோற்றத்தையே அச்சொல் குறிக்கிறது. தோற்றம் விளைவே, காரணம் இரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களிலும், அவற்றோடு பின்னிக் கிடக்கும் உடல் எடையிலும் உள்ளது. விளைவின் பெயர் காரணத்தை மறைத்துக்கொண்டது எப்படி என்பதும், தென்னார்க்காடு என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் இந்நிலத்துப் பெண்கள் அதனால் எவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்பதும் விரித்துரைக்கத் தக்க வரலாறாகும்.

பழைய நூல்களில் பெண்ணின் மாதவிலக்குக் கோளாறு தனக்கென ஓர் இடத்தைப் பெறுவது அரிது. குழந்தை பிறக்காதபோதுதான் அது ஏட்டில் ஏறுகிறது. இன்றைய கடலூர் மாவட்டத்தின் பெண்ணாடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குருவாகிய சகலாகம பண்டிதரை அணுகினார் என்றும், அவர் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்றும், அதன்படி கணவனும் மனைவியும் திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடி வழிபட்டதன் பயனாகச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பிறந்தார் என்றும் சைவ மரபு கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் இவ்வரலாற்றில் தந்தையின் பெயரும் குருவின் பெயரும் பதிகத்தின் பெயரும் நினைவில் நிற்கின்றன. தாயின் உடல்நிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது அம்மரபுக்கு மட்டும் உரிய குறையன்று. பெண்ணின் உடல் குழந்தையின் வழியாகவே அளக்கப்பட்ட காலம் உலகெங்கும் நீண்டது, இன்னும் முழுமையாக முடியவில்லை.

எழுத்தில் இல்லாதது வழக்கத்தில் இருந்தது. சித்த மருத்துவத்தில் மாதவிலக்கைக் குறிக்கும் 'சூதகம்' என்னும் சொல்லும், அது வராமல் நிற்பதைக் குறிக்கும் 'சூதகத் தடை', 'சூதகக் கட்டு' என்னும் சொற்களும், வயதில் மூத்த பெண்கள் கைமருந்தாகக் கொடுத்து வந்த எள்ளும் வெல்லமும் கருஞ்சீரகமும், விலக்குத் தவறுவது ஒரு குறியென்றும் அதற்குப் பரிகாரம் தேட வேண்டும் என்றும் சமூகம் அறிந்திருந்ததைக் காட்டுகின்றன. இவற்றினும் பொருள் பொதிந்தது பூப்புச் சடங்கு. பெண் வயதுக்கு வந்ததும் தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டுவதும், மஞ்சள் நீராட்டுவதும் ஊரறியும் பகுதிகள். வீட்டுக்குள் நடப்பது ஊட்டம். தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை மாவாக்கி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறிய உளுந்தங்களியையும், நாட்டுக்கோழி முட்டையையும், குடிக்கக் கொடுக்கும் நல்லெண்ணெயையும் அப்பெண் நாள்தோறும் உண்ண வேண்டும். இடுப்பெலும்பு வலுப்பெற வேண்டும், 'கர்ப்பப்பை பலப்பட வேண்டும்' என்பது அதற்கு வீட்டுப் பெண்கள் சொல்லும் காரணம்.

இவ்வழக்கத்தின் தருக்கத்தைப் புரிந்துகொள்ள, இது எத்தகைய உடல்களுக்காக உருவானது என்பதைக் கருத வேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய கீழணையும், சோழர் காலத்து வீராணம் ஏரியும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளுக்கு நெல்லைத் தந்தன. மேற்கே விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களோ கம்பையும் கேழ்வரகையும் வரகையும் நம்பியிருந்தன. மழை பொய்த்த ஆண்டில் இரண்டும் போதவில்லை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டியது, பசி இந்நிலத்தின் அன்றாட உண்மையாக இருந்ததால்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்குள் வந்த 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இறப்புகள் பெருகியதோடு பிறப்புகளும் வெகுவாகக் குறைந்தன என்பதை அக்காலப் பதிவேடுகள் காட்டுகின்றன. உடலில் சேமிப்பு இல்லாதபோது பெண்ணின் சினைப்பை கருமுட்டை வெளியிடுவதை நிறுத்திக்கொள்கிறது; கருவைச் சுமக்கப் போதிய ஆற்றல் இல்லை என்று மூளை கணக்கிட்டுச் செய்யும் தற்காப்பு அது. அமெரிக்காவைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் ஆகியோர் 1974இல் இத்தொடர்பை எண்களில் கூற முற்பட்டு, பூப்பெய்த உடல் எடையில் ஏறத்தாழ 17 விழுக்காடும், விலக்கு முறையாகத் தொடர 22 விழுக்காடும் கொழுப்பாக இருக்க வேண்டும் என்றனர். அந்த எண்களின் துல்லியம் பின்னர் மறுக்கப்பட்டாலும், கொழுப்புக்கும் விலக்குக்கும் உறவு உண்டு என்னும் அடிப்படை நிலைத்தது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்புத் திசு தன் இருப்பை மூளைக்கு அறிவிக்கும் தூதாக விளங்குவது தெரியவந்தபோது அதற்கு வழிமுறையும் கிடைத்தது. மெலிந்த பெண்ணுக்குக் களி கிண்டிக் கொடுத்த பாட்டி இவற்றுள் எதையும் அறிந்தவள் அல்லள். ஆனால் எடைக்கும் விலக்குக்கும் உறவு உண்டு என்பதை அவள் அறிந்திருந்தாள்.

அவ்வுறவின் மறுமுனை, அதாவது உடல் பருத்தபோதும் விலக்கு நின்றுபோகக்கூடும் என்பது, ஐரோப்பாவில் முதலில் கண்ணால் காணப்பட்டது. இத்தாலிய மருத்துவர் அன்டோனியோ வல்லிஸ்னெரி 1721இல், ஓரளவு பருத்த உடலும் மகப்பேறின்மையும் கொண்ட இளம் குடியானவப் பெண்ணொருத்தியின் சினைப்பைகள் இயல்பினும் பெரியனவாய், மேடுபள்ளமாய், வெண்மையாய்ப் பளபளத்து, புறா முட்டையை ஒத்திருந்ததாக எழுதிவைத்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1921இல், பிரெஞ்சு மருத்துவர்களான அஷாரும் தியேரும் தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவு காணப்படுவதைத் தனி நோயாகவே விவரித்தனர். ஆண் தன்மையுள்ள ஹார்மோனின் மிகுதியும் சர்க்கரையின் மிகுதியும் ஓருடலில் சேர்ந்து நிற்பதை அவர்கள் கண்டும், இரண்டையும் இணைக்கும் கயிறு அவர்கள் கைக்கு அகப்படவில்லை. அது அகப்பட மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் வழி வேறு திசையில் திரும்பியது. சிகாகோ நகரின் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவன்தால் என்னும் இருவர் 1935இல் விலக்கு நின்றுபோன ஏழு பெண்களின் வயிற்றைத் திறந்து, பெருத்துப் பல குமிழ்களோடு கிடந்த சினைப்பைகளிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தனர். ஏழு பேருக்கும் விலக்குத் திரும்பியது, இருவர் கருவுற்றனர். இவ்வெற்றி காரணமாக நோய்க்கு அவ்விருவரின் பெயரே சூட்டப்பட்டது, குமிழ்கள் நிறைந்த சினைப்பையே நோயின் இருப்பிடம் என்ற எண்ணமும் வேரூன்றியது. வெட்டுவதற்காக வயிற்றைத் திறந்தவருக்குச் சினைப்பைதானே தெரியும். இரத்தத்தில் கரைந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதே 1935ஆம் ஆண்டில்தான் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்வெர் குழுவினர் காளையின் விதைப்பையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. நோயின் உறுப்பும் நோயின் ஹார்மோனும் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தும், இரத்தத்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் கருவி இல்லாமையால் நீண்ட காலம் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அளக்கும் கருவி படிப்படியாக வந்தது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, நுண்ணறையை வளர்க்க எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனையும், முதிர்ந்த நுண்ணறையிலிருந்து முட்டையை வெளியேற்ற எல்.எச். என்னும் ஹார்மோனையும் அனுப்புகிறது. இக்கோளாறு உள்ள பெண்களிடம் எல்.எச். மிகுந்திருப்பதைச் சிறுநீரில் அளந்து 1958இல் வெளியிட்ட குழுவின் முதல்வர், மேலே குறித்த அதே ஜேனட் மெக்ஆர்தர் ஆவார். மெலிவால் விலக்கு நிற்பதையும் நுண்ணறைகள் முதிராமல் விலக்கு நிற்பதையும் ஒரே ஆய்வாளர் தம் வாழ்நாளில் தொட்டிருப்பது, இவ்விரண்டும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள் என்பதற்குப் பொருத்தமான சான்றாக நிற்கிறது. 1959-60இல் பெர்சனும் ரோசலின் யாலோவும் கதிரியக்கத்தைக் கொண்டு இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டனர். அம்முறை பரவிய பின்னரே, 1980இல் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி ஆகிய மூவரும் இப்பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் ஏற ஏற ஆண் ஹார்மோன்களும் ஏறுவதைக் காட்டினர். அஷாரும் தியேரும் தேடிய கயிறு இதுவே.

அக்கயிறு இழுக்கும் விதம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைக்குள் செலுத்துவது இன்சுலினின் வேலை. தசை அதன் சொல்லுக்குச் செவிசாய்க்காதபோது, அதாவது 'இன்சுலின் எதிர்ப்பு' ஏற்படும்போது, கணையம் ஈடுசெய்ய இன்னும் மிகுதியாகச் சுரக்கிறது. செவிசாய்க்காதது தசைதான்; சினைப்பையோ மிகுந்த இன்சுலினுக்குப் பணிந்து, எல்.எச்.சின் தூண்டுதலோடு சேர்ந்து, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாக உருவாக்குகிறது. கல்லீரலும் பணிகிறது: டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதத்தை அது குறைத்துவிடுவதால், மொத்த அளவு சிறிதே ஏறியிருந்தாலும் கட்டற்றுத் திரியும் டெஸ்டோஸ்டிரோன் பன்மடங்காகத் தெரிகிறது. முகத்து முடியும் பருவும் தலைமுடி உதிர்வும் அதன் அடையாளங்கள். ஆண்ட்ரோஜனின் மிகுதியில் நுண்ணறைகள் சில மில்லிமீட்டர் அளவோடு வளர்ச்சி நின்றுபோகின்றன, முட்டை வெளிவருவதில்லை, விலக்குத் தள்ளிப்போகிறது. வயிற்றைச் சுற்றிப் படியும் கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பை மேலும் வளர்க்கிறது, மிகுந்த இன்சுலின் அக்கொழுப்பைக் கரையவிடாமல் காக்கிறது. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல இது தொடங்கிய இடத்துக்கே திரும்பித் திரும்பி வருகிறது.

இந்தச் சுழலை அறிந்தால், இப்பெண்களைப் பார்த்து 'வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்' என்று சொல்லும் வழக்கம் எவ்வளவு கொடியது என்பது விளங்கும். எடை இங்கே காரணமும் ஆகிறது, விளைவும் ஆகிறது. அதைப் பெண்ணின் சோம்பலுக்கும் நாச்சுவைக்கும் கூலியாகக் காட்டுவது அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. பருத்தவர்களுக்கே இக்கோளாறு வரும் என்பதும் உண்மையன்று. 1963இல் கோல்ட்சீகரும் ஆக்சல்ராடும் அதுவரை வெளிவந்த 1,079 நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்தபோது ஏறத்தாழ 41 விழுக்காட்டினரே பருத்த உடலினர். எடை மிகுந்தவர்களுக்கு அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே விலக்கு முறைப்படுவதும் முட்டை வெளிவருவதும் பலரிடம் காணப்பட்டுள்ளது. 70 கிலோ உள்ள பெண்ணுக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. ஒல்லியான உடல் எந்தச் சூழலிலும் எட்ட வேண்டிய இலக்கு அன்று.

1980களில் ஒலியலை ஸ்கேன் பரவியபோது, திறக்காமலே வயிற்றுக்குள் பார்க்க முடிந்தது. அதுவே பழைய பிழைக்குப் புதிய உயிரைக் கொடுத்தது. படத்தில் மணிமாலை போல் கோத்து நிற்கும் குமிழ்கள் எல்லோருக்கும் தெரிந்தன, ஹார்மோன் அளவு எண்களாக மட்டுமே நின்றது. 2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் விலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்று வகுத்தனர். பூப்பெய்தி 8 ஆண்டுகள் நிறையாத பெண்களுக்கு ஸ்கேன் தோற்றத்தைக் கொண்டு இந்நோயை முடிவுசெய்யக் கூடாது என்று 2018இன் சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. ஏனெனில் அவ்வயதில் குமிழ்கள் நிறைந்திருப்பது இயல்பே. பதினைந்து வயதுப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் அச்சாகும் ஒரு சொல் அவளுடைய கல்யாணப் பேச்சுவரை தொடர்ந்து வரும் ஊர்களில், இந்த ஒரு விதி பின்பற்றப்பட்டாலே எத்தனையோ வீடுகளின் கலக்கம் தவிரும்.

இந்த அறிவு கடலூர், சிதம்பரம் பகுதிக்கு வந்த வழி பல்கலைக்கழகத்தின் வழி. அண்ணாமலை செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆனால் அதற்கென ஒரு மருத்துவக் கல்லூரி, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்னும் பெயரில், 1985இல்தான் அமைந்தது. ஹார்மோன் அளவையும் ஸ்கேனையும் கற்ற மகளிர் மருத்துவம், புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் பேருந்தில் எட்டும் தொலைவுக்கு வந்தது அதன் பின்னரே. பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தை 2013இல் தமிழக அரசு ஏற்றது. 2021இல் மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டுக் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று.

அதே வளாகத்தின் உயிர்வேதியியல் துறையில் 2000களின் தொடக்கத்தில் ஆவாரம்பூவின் சாறு நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். சர்க்கரையை ஆளும் செடிகளைத் தேடும் இம்முயற்சிக்கு இக்கோளாற்றின் வரலாற்றோடு தொலைவான உறவு ஒன்றுண்டு. 1990களின் நடுப்பகுதி முதல் இப்பெண்களுக்குக் கொடுக்கப்பட்டு வரும் மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மாத்திரையின் வேர், ஐரோப்பாவின் கலேகா என்னும் ஒரு மூலிகையில் உள்ளது. தமிழகத்தில் மலைவேம்பு இலைச்சாறும் கழற்சிக்காய்ச் சூரணமும் நீர்க்கட்டிக்கென்று பரவலாக உட்கொள்ளப்படுகின்றன. நாட்டு மருந்து என்பதனாலேயே அவற்றைத் தள்ளுவதும் சரியன்று, கலேகாவில் வேர்கொண்ட மெட்ஃபார்மின் கடந்த சோதனைகளை அவை கடக்கும்முன் தீர்வு என்று விற்பதும் சரியன்று.

சொல்ல எஞ்சியிருப்பது எடையின் மாற்றம். இந்நிலத்துப் பெண்கள் நாற்று நட்டும் களையெடுத்தும் கம்பு குத்தியும் கழித்த நாள்கள் குறைந்தன. மானாவாரிப் பகுதிகளிலும் சோறே மூவேளை உணவாயிற்று. 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடைகள் வழங்கிய அரிசி, பஞ்சத்தின் நினைவைத் துடைத்த பெரும் நன்மை. அதைக் குறைகூறுவோர் வடலூர் அடுப்பு ஏன் மூட்டப்பட்டது என்பதை மறந்தவர்கள். ஆனால் அரிசியோடு சேர வேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் அதே அளவில் எல்லாத் தட்டுகளுக்கும் வரவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மிகை எடையுள்ள பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019-21இல் 40.4 விழுக்காடானார்கள், அப்போதும் 12.6 விழுக்காட்டினர் மெலிந்தே இருந்தனர். துலாக்கோலின் இரு தட்டுகளும் ஒரே மாநிலத்தில், சில வேளைகளில் ஒரே தெருவில் உள்ளன.

இக்கணக்கு உண்மையைக் குறைத்தே காட்டுகிறது எனலாம். மிகை எடைக்கு அது கொள்ளும் எல்லை, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை எண் 25 என்பது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 60 கிலோ. 2004இல் லண்டனின் ஜான் யுட்கினும் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் தம் உடல்களையே ஒப்பிட்டபோது, இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3 ஆக இருக்க, கொழுப்பு முதலவரிடம் 9.1 விழுக்காடும் மற்றவரிடம் 21.2 விழுக்காடுமாக இருந்தது. இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜேரத்ன 2002இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இக்கோளாறுடைய தெற்காசியப் பெண்களிடம் வெள்ளைப் பெண்களைக் காட்டிலும் இளவயதிலேயே குறிகளும் இன்சுலின் எதிர்ப்பும் மிகுந்திருந்தன. இதனால் இந்தியர்களுக்கு 23 என்ற எல்லையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவும் பரிந்துரைக்கப்பட்டன. அதே 155 சென்டிமீட்டர் பெண்ணுக்கு 23 என்பது 55 கிலோ. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் மகளை 'உனக்கென்ன, உடம்பே இல்லையே' என்று அனுப்பிவிடும்போது தவறவிடப்படுவது இந்த வேறுபாடே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 18 முதல் 40 வயதுள்ள 9,824 பெண்களிடம் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 விழுக்காட்டினருக்கும், விலக்குக் குறையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இரண்டும் வேண்டும் என்னும் பழைய அமெரிக்க வரையறைப்படி 7.2 விழுக்காட்டினருக்கும் இக்கோளாறு இருப்பதாகக் கண்டது. வரையறையை மாற்றினால் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கும் மேலாக மாறுகிறது. இந்நோய்க்குப் பெயரே தடையாக உள்ளது என்று, இந்த ஆய்வுக்கு முன்பே, 2012இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு கூறி, குமிழை விடுத்து உடலின் வளர்சிதை மாற்றத்தையும் ஹார்மோனையும் குறிக்கும் பெயரைத் தேடுமாறு பரிந்துரைத்தது. தமிழில் 'நீர்க்கட்டி' என்பதற்கு மாற்று இன்னும் வேர்கொள்ளவில்லை. ஆயினும் மருத்துவரிடம் வரும் பெண்கள், அறிக்கை கைக்கு வருவதற்கு முன், தம் வாயால் சொல்லும் சொல் வேறு: 'தள்ளித் தள்ளிப் போகுது', 'மூணு மாசமா வரலை'. முட்டை வெளிவராமல் நாள் தள்ளுவதே இக்கோளாற்றின் கரு என்பதால், ஸ்கேன் படத்துக்கு வைத்த பெயரைவிட அவர்கள் கொண்டுவரும் இச்சொல்லே நோய்க்கு அருகில் நிற்கிறது.